சுருத பஞ்சமியும் ஊர்த் தொடக்கப் பள்ளியும்

(கேளம்பாக்கத்தில் சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமி நாளில் சொல்லப்பெறும் வரலாறு இங்குள்ள பெரியோர் யாவரும் அறிந்ததே. கிர்நார் மலைக் குகையில் தங்கியிருந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமோ என்று கவலை கொண்டார். அதனைப் பெற்றுக்கொள்ளத் தக்க மாணாக்கர் இருவரை வரவழைத்தார். புஷ்பதந்தர், பூதபலி என்று பின்னாளில் பெயர் பெற்ற முனிவர்கள் அவர்கள். பாடம் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு சோதனை வைத்தார். இருவருக்கும் தனித்தனியே ஒரு மந்திரம் கொடுத்தார். ஒருவர்க்குக் கொடுத்ததில் ஓரெழுத்து மிகை. மற்றவர்க்குக் கொடுத்ததில் ஓரெழுத்துக் குறை. அவர்கள் உருவேற்றியபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்று பல் நீண்டு நின்றது. மற்றொன்று ஒற்றைக் கண்ணோடு நின்றது. தேவதைக்கு இவ்வுருவம் இயல்பன்று, பிழை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என இருவரும் உணர்ந்தனர். மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தத்தம் அழகுருவில் தோன்றின. அதன்பின்னரே பாடம் தொடங்கியது.

விழாக்களில் இந்தப் பகுதியை ஒரு கதையாகச் சொல்லிவிட்டு, ஷட்கண்டாகமம் எழுதி முடிக்கப்பெற்ற பெருமைக்கு விரைந்து போய்விடுவது வழக்கம். தொடக்கப் பள்ளியில் பாடம் சொன்ன ஒருவர் இக்கதையைக் கேட்டால் அவ்வாறு கடந்து போக மாட்டார். தரசேனர் சோதித்தது நினைவாற்றலை அன்று. கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்பவர் அவருக்குத் தேவைப்படவில்லை. தம் ஏட்டில் உள்ள பிழையைத் தாமே கண்டு திருத்தும் மாணாக்கரே தேவைப்பட்டனர். முதல் வகுப்பில் ஒரு குழந்தை ‘பாடம்’ என்பதைக் காலை விட்டுப் ‘படம்’ என்று எழுதிவிட்டு, தான் எழுதியதைத் தானே படித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டு ஒரு காலைச் சேர்க்கிறதே, அந்த நொடிதான் கிர்நார்க் குகையில் நிகழ்ந்தது. அதனை ஒவ்வொரு நாளும் காணும் பேறு தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு மட்டுமே உண்டு.

இன்னொரு செய்தியையும் நினைவிற்கொள்ள வேண்டும். கற்று முடித்தபின் புஷ்பதந்தர் வனவாச நாட்டுக்கும், பூதபலி திரமிள நாட்டுக்கும் சென்றனர் என்று தவளா உரை கூறுகிறது. திரமிள நாடு என்பது தமிழ்நாடு. எழுத்தைக் காக்கப் புறப்பட்டவர் ஒருவர் இந்த மண்ணை நோக்கித்தான் நடந்தார்.

இவ்விழா ஜேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில், வைகாசி ஆனியை ஒட்டி வருகிறது. ஜிநாலயத்தில் ஏடுகளையும் நூல்களையும் தூசு தட்டி, புதிய துணியில் பொதிந்து, பீடத்தில் ஏற்றி வழிபடும் நாள் இது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. ஆலயத்தில் நூலுக்குத் துணி பொதியும் அதே நாள்களில், வீட்டில் பிள்ளைகளின் பாடநூல்களுக்குப் பழுப்பு அட்டை போடும் வேலையும் நடக்கிறது. இரண்டும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள் என்று கொண்டால், இரண்டாவது பகுதி நடக்கும் இடத்தைப் பற்றிச் சில சொல்வது இந்த மேடைக்குப் பொருந்தாததாகாது. பெரிய கல்விக் கூடங்களைப் பற்றியன்று. ஊருக்குள் இருக்கும் சிறு தொடக்கப் பள்ளியைப் பற்றி.

கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையும், கோவளம் சாலையும், வண்டலூர்ச் சாலையும் கூடும் ஊர். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும் காயலும். வடக்கே சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. தெற்கே தையூரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகம். உப்பும் சவுக்கும் விளைந்த நிலப்பரப்பு, ஒரு தலைமுறைக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வரிசையாகிவிட்டது. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்காகத் தாம்பரம் வரையிலும் அதற்கப்பாலும் வந்து குடியேறிய தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கும் இந்தப் பக்கம் இன்று சொந்த ஊர்போல் ஆகிவிட்டது.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் காலையில் மஞ்சள் வண்டியில் ஏறி ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அதில் குறை காண்பதற்கில்லை. பெற்றோர் விருப்பம் அது. ஆனால் இத்தகைய ஊர்களில் அவ்வண்டிகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைக் கடந்தே போகின்றன. இங்கு அமர்ந்திருக்கும், அறுபது வயதைக் கடந்த பலர் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் ‘அ’ எழுதினர். பொன்னூரிலோ இளங்காட்டிலோ வீடூரிலோ இருந்த அந்த ஓட்டுக் கட்டடத்தின் தூண் எத்தனை என்றுகூட அவர்களால் சொல்ல முடியும். தாம் இன்று வாழும் ஊரில் உள்ள தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் எத்தனை பேர் என்பது மட்டும் தெரியாது.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் இருப்பிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது அதன்வழி வந்த விதி. 60 குழந்தைகள் வரை இருந்தால் ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். எனவே சிறு பள்ளி என்பது பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அவர்களுள் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடு, கைப்பேசிச் செயலி, கூட்டம், பயிற்சி எல்லாம் அவர் தலையில். ஒருவர்க்குக் காய்ச்சல் என்றால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே வகுப்பு.

தென் புறநகர் ஊர்களின் இத்தகைய பள்ளிகளில் படிப்பவர் யார்? கட்டட வேலை செய்வோர், மீன் விற்போர், அடுக்குமாடி வாயிலில் காவல் காப்போர், அங்கே வீட்டு வேலைக்குச் செல்வோர், தானி ஓட்டுவோர், இருளர் குடியிருப்பினர் ஆகியோரின் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளும் உண்டு. வீட்டில் ஒடியா பேசும் சிறுமி, வகுப்பில் தமிழ் நெடுங்கணக்கு சொல்கிறாள். கட்டடம் முடிந்தால் குடும்பம் வேறிடம் போகும். அவள் பெயர் பதிவேட்டில் அடிக்கப்படும். அடுக்குமாடியில் குடியேறுவோர் தம் வீட்டுக்குப் பூசை போடும் நாளில் அவ்வீட்டின் செங்கல்லைச் சுமந்தவரின் குழந்தை எந்த ஊர்ப் பள்ளியில் இருக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

சிறு பள்ளிக்கும் செய்திகள் உண்டு. அவை நாளேட்டில் வருவனவல்ல. காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், பழமொழி முடிந்தபின் ‘செய்தி வாசித்தல்’ என்ற ஒரு பகுதி வரும். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் ஒரு குழந்தை நாளிதழிலிருந்து சில வரிகளை வாசிக்கும். உலகத் தலைவர் பெயர் நாக்கில் சிக்கும், பின்வரிசையில் யாரோ சிரிப்பார்கள், ஆசிரியர் திருத்துவார். இவை வெளியுலகச் செய்திகள். பள்ளியின் சொந்தச் செய்திகள் சுவரில் இருக்கின்றன.

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையைப் பலர் மறந்திருப்பர். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைவழிக் கல்வியைப் பார்த்து வந்து அமைத்த முறை அது. குழந்தைகள் ஆசிரியரைச் சுற்றித் தரையில் வட்டமாக அமர்ந்தனர். அவரவர் வேகத்திற்கு ஏற்பக் கற்றல் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினர். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் அவர்கள் வரைந்த படமும் எழுதிய தாளும் தொங்கின. அதனோடு மூன்று அட்டவணைகள் உண்டு. குழந்தையே தன் வருகையைக் குறிக்கும் சுய வருகைப் பதிவு ஒன்று. அன்று வெயிலா, மேகமா, மழையா எனக் குறிக்கும் காலநிலை அட்டவணை ஒன்று. பல் துலக்கினாயா, நகம் வெட்டினாயா என்று காட்டும் ஆரோக்கியச் சக்கரம் ஒன்று.

அம்முறையைக் குறை கூறியவர் பலர். அக்குறைகளுள் சில நியாயமானவை. அட்டைகளை அடுக்குவதிலேயே ஆசிரியர் பொழுது போயிற்று என்பது ஒன்று. பின்னர் பெயரும் முறையும் மாறின. 2022ஆம் ஆண்டு சூன் மாதம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் திட்டம் அது. பெயர் வைத்தவர்க்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. கடைநிலைக் குழந்தையையும் ‘அரும்பு’ என்றே அழைக்கிறார். ஆயினும் பழைய முறையின் அந்தச் சுய வருகைப் பதிவைப் போல ஒரு பள்ளியின் உயிர்நிலையைக் காட்டியது வேறில்லை. ‘நான் வந்திருக்கிறேன்’ என்று ஒரு குழந்தை தானே குறிப்பது அன்றைய தலைப்புச் செய்தி. குறிக்கப்படாத கட்டம் இரண்டாம் செய்தி. தொடர்ந்து மூன்று நாள் வெறுமையாக இருக்கும் கட்டம், ஆசிரியர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கான அறிவிப்பு. போய்ப் பார்த்தால் தாய்க்கு உடல்நலமில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தெரியவரும். அக்குழந்தைக்கு எட்டு வயது.

தொற்றுக் காலத்தில் இந்தக் கட்டங்கள் யாவும் ஒருசேர வெறுமையாயின. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல். இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை பள்ளியின் வாசலையே பார்த்ததில்லை. திறப்பதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27ஆம் நாள், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. மாலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மாடிப்படியின் கீழோ, அத்தெருப் பெண்ணே தன்னார்வலராக அமர்ந்து சொல்லிக்கொடுத்தாள். இழந்ததை முழுதும் அது மீட்டது என்று கூற இயலாது. ஆனால் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் பல்லாயிரவர் ‘டீச்சர்’ என்று அழைக்கப்பெற்றனர். அதன் பயன் இனிமேல்தான் தெரியும்.

காலைச் சிற்றுண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளில், 1,14,095 குழந்தைகளுக்குக் கிடைத்தது. 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். முழுதும் சைவ உணவு. நண்பகல் உணவில் முட்டை உண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ‘அரசுப் பள்ளியில் சேர்த்தால் முட்டை வைத்துவிடுவார்களே’ என்று அஞ்சும் சமணத் தாய்மார்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

தானம் நான்கு என்பது சமண மரபு: ஆகார தானம், ஔடத தானம், அபய தானம், சாத்திர தானம். பசியோடு வரும் குழந்தைக்கு உணவு, பள்ளி நலப் பரிசோதனைக்கு வரும் மருத்துவர் தரும் மருந்து, பிரம்பும் வசவும் இல்லாத இடம் என்னும் அபயம், அதன்மேல் எழுத்து. இந்நான்கும் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் நடக்க வேண்டிய இடம் தொடக்கப் பள்ளியைத் தவிர வேறு எது? பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஏலாதியை இயற்றிய கணிமேதாவியார் சமணர். உணவும், உடையும், எழுத்தாணியும், புத்தகமும், எண்ணும், எழுத்தும் கற்பார்க்கு ஈபவர் அடையும் சிறப்பை அவர் ஒரே வெண்பாவில் வைத்துப் பாடினார். இன்று அரசு கொடுக்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சத்துணவு, நான்கு இணைச் சீருடை, பாடநூல், குறிப்பேடு, வண்ணப் பென்சில் என்று இருக்கும். எழுத்தாணி ஒன்றுதான் மாறியிருக்கிறது. உணவையும் உடையையும் கல்வியினின்று பிரிக்கக் கூடாது என்பதை அப்புலவர் எப்படியோ அறிந்திருந்தார்.

‘பள்ளி’ என்ற சொல்லைப் பற்றி இந்த அவையில் விரித்துரைக்கத் தேவையில்லை. முனிவர் உறையும் இடம் பள்ளி. அவர்க்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம். அங்கே பாடம் கேட்க வந்தவர்களால் அதுவே கல்விக்கூடத்தின் பெயராயிற்று என்பர். இப்பெருமையை மேடைதோறும் சொல்லி மகிழ்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. சொல்லைத் தந்தவர்கள் என்ற நிறைவில், பொருளைக் காக்கும் கடமை மறந்துபோகும். எனவே சொல்லை விட்டுவிட்டு ஒரு கல்வெட்டைப் பார்ப்போர்க்கு மிகுந்த பயன் உண்டு.

வந்தவாசிக்கு அருகே உள்ள வேடால் என்னும் சிற்றூருக்கு இங்குள்ளோரில் பலர் சென்றிருப்பர். அங்குள்ள பாறைக் கல்வெட்டு இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அம்மன்னன் முதலாம் ஆதித்த சோழன் என்பது ஆய்வாளர் கருத்து. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. குணகீர்த்தி பட்டாரர்வழி மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியார் அங்கே ஆசிரியராக இருந்தார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் ஐந்நூற்றுவர். அவர்களுக்கும் வேறு தவப்பெண்கள் நானூற்றுவர்க்கும் இடையே ஏதோ ஒரு காரணத்தால் இணக்கம் கெட்டது. காரணம் கல்வெட்டில் இல்லை. அப்போது நாட்டார் முன்வந்து, குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் தாங்கள் காத்து உணவும் அளிப்பதாக உறுதி கூறிக் கல்லில் வெட்டினர்.

ஒரு பெண் ஆசிரியர் நடத்திய கல்விக்கூடத்திற்கு இடர் வந்தது, ஊரார் பொறுப்பேற்றனர். அரசன் ஆணையிட்டதாகச் செய்தி இல்லை. வள்ளல் ஒருவர் பொற்காசு கொடுத்ததாகவும் இல்லை. ‘காப்போம், சோறிடுவோம்’ என்று அக்கம்பக்கத்தார் சொன்ன சொல்லே கல்வெட்டாக நிற்கிறது. ஐந்நூறு என்ற எண் மிகையோ சரியோ, அதை ஆய்வாளர்க்கு விடலாம். ஆசிரியரின் பெயரும், பிள்ளைகளின் எண்ணிக்கையும், அவர்களுக்கு நேர்ந்த சிக்கலும் அந்த ஊராருக்குத் தெரிந்திருந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது. தெரியாத பள்ளியை எவரும் காக்க முடியாது.

ஊரார் பார்வை படாத இடத்தில் நல்ல செயலும் வீணாகும். அயலான் பார்வை பட்டால் உலகுக்கே பயன்படும். இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்காக நடந்த இல்லத்தை 1789ஆம் ஆண்டு முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், ஒரு நாள் வழியில் தமிழ்ச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறு செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் இசையவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். ஜான் பிரிஸ்கின் என்னும் அச்சிறுவன் சிறிய வகுப்பார்க்கு மணலில் எழுத்துக் கற்பித்தான். பெரியவன் சிறியவனுக்குச் சொல்லித்தரும் இம்முறையைப் பற்றிப் பெல் 1797இல் இலண்டனில் நூல் வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஈராசிரியர் பள்ளியில் இன்றும் ஐந்தாம் வகுப்புச் சிறுமிதான் முதல் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறாள்.

இனி எண்ணிக்கைக்கு வர வேண்டும். சிறு பள்ளியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் ஒரு குழந்தைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக மாற்ற அரசு முடிவு செய்தது. நூலகம் நல்லதுதானே என்று சிலர் கூறினர். குழந்தை இல்லாத ஊரில் யாருக்கு நூலகம் என்று கேட்டவர்களும் உண்டு. பள்ளி திடீரென மூடப்படுவதில்லை. முதலில் 60 குழந்தைகள் 45 ஆகும். பின்னர் 30, பின்னர் 18. ஐந்து வகுப்புக்குப் பதினெட்டுப் பேர் என்றால் சில வகுப்பில் மூன்று பேர்தான். விளையாட ஆளில்லை என்று அந்த மூவரும் அழுவர். அடுத்த ஆண்டு பெற்றோரே வேறிடம் பார்ப்பர். இவ்வளவும் நடப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும், பார்க்காமலும் இருந்திருக்கும்.

2011ஆம் ஆண்டு ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தம் மகளைக் குமிலங்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். நாடெங்கும் செய்தியாயிற்று. ஒரு தந்தை தன் குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது செய்தியாகும் நிலை வந்துவிட்டதே என்பது அச்செய்திக்குள் இருந்த இன்னொரு செய்தி. எல்லாரும் அவ்வாறு செய்ய வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கூறினால் அது போலித்தனம். சேர்க்காதவர்களும் செய்யக்கூடியவை உண்டு என்பதே இங்குக் கூற வந்தது.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அவற்றின் தொடக்கம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூர் வட்டாரம். ஊரார் தம் பள்ளிக்கு என்னென்ன குறை என்று தாமே பட்டியலிட்டனர். நாற்காலி, மணி, கடிகாரம், குடிநீர்ப் பானை, ஓடு, சுற்றுச்சுவர் என்று தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். இன்று அதன் வழித்தோன்றலாகக் ‘கல்விச் சீர்’ என்னும் வழக்கம் பல ஊர்களில் காணப்படுகிறது. மகள் வீட்டுக்குச் சீர் எடுப்பதுபோல் தாம்பூலத் தட்டோடு, மேளத்தோடு, மின்விசிறியும் பீரோவும் விளையாட்டுப் பொருளும் தலையில் சுமந்து பள்ளிக்கு ஊர்வலமாகச் செல்கின்றனர். ஆசிரியர் வாசலில் நின்று சம்பந்தி போல் வரவேற்பார்.

ஆனால் சீர் கொடுத்தவர் பின்னர் வந்து பார்க்கிறாரா? ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேடு வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலான அமைப்புகளின் வழக்கம். குழந்தைகள் வெயிலில் வரிசையில் நிற்பர். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். குழல்விளக்கின் மீது ‘உபயம்’ எழுதி அதன் ஒளியில் பாதியை மறைத்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சாத்திர தானம் என்பதை அச்சிட்ட நூலைக் கையில் கொடுப்பது என்று மட்டும் பொருள் கொண்டால், படிக்கத் தெரியாத கையில் போய்ச் சேரும் நூலுக்கு யார் பொறுப்பு?

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஏரும் எழுத்தும் இரு தொழில்களாக இருந்து வந்துள்ளன. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் குறைவு. அவர்களிடம் இருப்பது பணமன்று, காலம். சில திறந்த வழிகள் உள்ளன. பள்ளி மேலாண்மைக் குழு 2022இல் 20 உறுப்பினரோடு மாநிலம் முழுதும் மறுகட்டமைப்புச் செய்யப்பெற்றது. முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்க்கும் அதில் இடம் தரப்பட்டது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் படித்துவிட்டு இங்கே வந்திருப்பவர், தாம் படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். இங்குள்ள பள்ளியில் குழந்தை இல்லாதவர் குழுவில் உறுப்பினராக இயலாவிட்டாலும், ‘இந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் சேர்ந்தனர், எத்தனை பேர் நின்றனர்’ என்று கேட்கத் தடையில்லை.

கதை சொல்லுதலும் ஒரு வழி. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலையாக வகுத்துப் பள்ளிகளுக்கு அளித்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பினர்க்கு ‘ஊஞ்சல்’ என்ற இதழும் வருகிறது. குழந்தைகளின் எழுத்தும் படமும் அதில் இடம்பெறுகின்றன. இவை பெட்டிக்குள் பூட்டியிருக்கின்றனவா, குழந்தை கையில் இருக்கின்றனவா என்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் ஓய்வைப் பொறுத்தது. தலைமையாசிரியரின் இசைவோடு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு பெரியவர் சென்று தரையில் அமர்ந்து ‘நுழை’ நூல் ஒன்றைக் குழந்தையோடு சேர்ந்து படித்தால், ஈராசிரியர் பள்ளிக்கு அந்த ஒரு மணி நேரம் மூன்றாம் ஆசிரியர் வந்ததாகும். சமயம் பேசக் கூடாது. கொடிவரிசை வைக்கக் கூடாது. அறக்கட்டளையின் பெயர்ப்பலகை வேண்டவே வேண்டாம். குழந்தை தவறாகப் படித்தால் உடனே திருத்தவும் கூடாது. சற்றுப் பொறுத்தால் அதுவே கண்டுகொள்ளும். தரசேனர் பொறுத்தார்.

இவ்விழாவுக்கு ஏடுகளைப் பொதியப் புதுத்துணி வாங்கிய குடும்பங்கள் பல. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டேகால் மணியளவில் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பக்கம் போகிறவர்க்குச் சிற்றுண்டித் தட்டுகளின் ஓசை கேட்கும். புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கவும் கூடும். அதன் தாய்க்கு வேலைக்கு நேரமாயிற்று. உள்ளிருந்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்வாள்.